மர்ரி பூத்த வருஷம்

காலை ஆறரை மணிக்கு அந்த அலறல் கேட்டது.

மேற்கு ஆஸ்திரேலியாவில் மார்கரெட் ரிவர் கடலோரத்து ஒயின் தோட்டம். ஷிராஸ் திராட்சை வரிசைக்கு நடுவே மல்லாந்து கிடந்தாள் இயோனா ஹாஸ்கன். தோட்டத்துக்குச் சொந்தக்காரி. கழுத்தில் விரல்களின் தடம்...

அலறியவன் ஏபெல். அறுவடைக்கு வந்த வனுவாட்டுத் தீவுக்காரன். கான்ஸ்டபிள் டாரில் வந்ததும் வராததுமாக அவனுக்கு விலங்கை மாட்டிவிட்டான்.

சார்ஜென்ட் மெரினிடம் ஏபெல் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னான். வெள்ளை உடையில் ஒரு பெண் கடல் பக்கமாகப் போனாளாம். காலடிச் சத்தமே இல்லையாம்!

டாரில் சிரித்தான். மெரினுக்குச் சிரிப்பு வரவில்லை. நூறு வருஷத்துக்கு முன் பாறையில் மோதிய கப்பலோடு மூழ்கியவள் அவள் என்று ஊருக்கே தெரியும். பத்து வயதில் மெரினே பார்த்திருக்கிறாள். ஆனால் பேயைச் சொல்லிக் கோர்ட்டில் தப்ப முடியாதே! ஏபெல் ஆயுசுக்கும் உள்ளேதான்.

"எனக்கு ரெண்டு பொண்ணு, சார்ஜென்ட். நான் முதலாளியம்மாவத் தொடவே இல்ல."

இயோனாவின் புருஷன் ரோலண்ட் பிணத்தை நெருங்காமல் வேலியோரம் நின்றான். முகம் வெளுத்திருந்தது. சிட்னிக்காரன். கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்தான்.

விடியற்காலையில் எங்கே இருந்தான் என்று கேட்டாள் மெரின்.

"மேட்டுத் தோட்டத்துல. குருவி தின்னுடுமேன்னு கொடிக்கு வலை போட்டுட்டிருந்தேன். போன வருஷமும் போட்டோமே."

மெரின் நிமிர்ந்து பார்த்தாள். வேலிக்கு அப்பால் மர்ரி மரங்கள் பூத்துக் குலுங்கின. அத்தனை குருவியும் அங்கேதான் தேன் குடித்துக்கொண்டிருந்தது.

"மர்ரி இப்படிப் பூத்தா குருவி திராட்சைப் பக்கமே எட்டிப் பாக்காது, ரோலண்ட். இந்த வருஷம் ஊர்ல ஒருத்தரும் வலையை வெளியவே எடுக்கல. நீங்க மட்டும் எதுக்குப் போட்டீங்க?"

ரோலண்ட் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

தோட்டத்தை விற்க அவள் சம்மதிக்கவில்லையாம். கழுத்தை நெரித்தானாம். எல்லாம் ஒப்புக்கொண்டான். விலங்கு கை மாறியது. ஏபெல் வாய்விட்டு அழுதான்.

"ஆனா அவ இங்க எப்படி வந்தா?" ரோலண்ட் பிணத்தைக் காட்டினான். "நான் பாறை மேலேர்ந்து கடல்ல தள்ளிட்டேனே..."

மெரின் பிணத்தருகே போனாள். குனிந்து இயோனாவின் ஈர உடையைத் தொட்டாள். இதுவரை பனி என்று நினைத்திருந்தாள். விரலை நாக்கில் வைத்தாள்.

உப்பு!

கடல் அங்கிருந்து ஒரு கிலோமீட்டர்.

டாரில் குறிப்பேட்டைப் பிரித்தான். "பிணத்தை இங்க கொண்டு வந்தது யாருன்னு எழுதறது, சார்ஜென்ட்?"

"உள்ளூர்க்காரின்னு எழுது," என்றாள் மெரின். "விலாசத்தை மட்டும் காலியா விட்டுடு."