பெயின்டரின் நெஞ்சுக்குள் எலும்பு

காலை மணி ஒன்பது. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்த ஆய்வுக்கூட டாக்டர், கையிலிருந்த டீயைக் குடிக்க மறந்தார்.

கண்ணாடித் தகட்டில் இருந்தது, மூச்சு வாங்குகிறதென்று வந்த ஒரு பெயின்டரின் நுரையீரல் துண்டு. அதற்குள் எலும்பு! கூடவே சீப்பால் வாரியதுபோலக் குறுக்கே கீறல்கள். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தார். கீறல் போகவில்லை, எலும்பும் போகவில்லை.

துப்பறிவதென்றால் அவருக்கு உயிர். வீட்டில் தொலைந்த சாவியைக் கண்டுபிடிப்பது மட்டும் மனைவி. அது பெரும்பாலும் இவர் சட்டைப்பையிலேயே இருக்கும்.

9.20. அந்தத் துண்டை வெட்டி அனுப்பிய சர்ஜன், செய்தி கேட்டுப் புயலாக நுழைந்தார்.

"நுரையீரல்ல எலும்பா? நாளைக்குக் கல்லீரல்ல பல்லு முளைச்சிருக்கும்பீங்க! நேத்து இங்க வேற என்ன வெட்டினீங்க?"

"முழங்கால் எலும்பு சார்," என்றாள் டெக்னீஷியன். நாள் முழுக்க மெழுகில் பதித்த சதையை மெல்லிசாகச் சீவுவதால் அவளுக்கு வெட்டுக்கிளி என்று பெயர்.

"அப்ப அதுல ஒரு துணுக்கு உன் இடுக்கியில ஒட்டி, இந்த மெழுகுக்குள்ள வந்துடுச்சு. இதை நம்ப முடியாது. மத்தியானம் அந்த ஆளைத் திரும்பத் திறந்து வேற துண்டு எடுக்கறேன்."

போய்விட்டார். வெட்டுக்கிளியின் கண் குளமாகிவிட்டது.

"என்னால அந்த மனுஷனுக்கு ரெண்டாவது கத்தியா சார்?"

"அழுகையை அப்புறம் வெச்சுக்கலாம். இடுக்கியைக் கழுவினியா?"

"சத்தியமா."

"முதல்ல எதை வெட்டின?"

"முழங்கால். ஒரு வாரம் அமிலத்துல ஊறினது, வெண்ணெய் மாதிரி வந்துச்சு."

"நுரையீரல்?"

வெட்டுக்கிளி குப்பைப் பெட்டியை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"கிளியம்மா, றெக்கை படபடக்குதே. சொல்லிடு."

"கத்தி பல்லு போயிடுச்சு சார். நேத்துத்தான் மாட்டின புதுக் கத்தி. நான்தான் கோணலா மாட்டிட்டேன்னு பயந்து, ஊசிக் குப்பையில போட்டுட்டேன்."

டாக்டர் எழுந்த வேகத்தில் டீ கவிழ்ந்தது. குப்பைப் பெட்டியை இடுக்கியால் கிளறினார். கத்தி கிடைத்தது. விளிம்பில் மூன்று பொக்கை.

"இந்த வாரம் வேற எலும்பு ஏதாவது வந்துதா?"

"இல்ல சார். முழங்கால் மட்டும்தான்."

பதினோரு மணிக்கு இருவரும் சர்ஜன் அறையில் நின்றார்கள்.

"குற்றவாளி கிடைச்சாச்சு," என்றார் டாக்டர், குரலைத் தாழ்த்தி. இந்தக் கட்டத்துக்காகத்தான் அவர் வருஷக்கணக்காகக் காத்திருந்தார்.

"யாரு? இந்தப் பொண்ணா?"

"நுரையீரல்."

சர்ஜன் நிமிர்ந்தார்.

"எலும்பை அப்படியே சீவ முடியாது. அமிலத்துல ஊறவெச்சு, சுண்ணாம்பை எடுத்தப்புறம்தான் கத்தி இறங்கும். முழங்கால் அப்படி ஊறினது. அதோட துணுக்கு எப்படிக் கத்தியை உடைக்கும்? உடைச்சது ஊறாத எலும்பு, இந்த நுரையீரல்லயே வளர்ந்தது. நுரையீரலை யாராவது ஊறவெப்பாங்களா? உள்ள எலும்பு இருக்கும்னு யாருக்குத் தெரியும்? ஸ்லைடுல இருக்கற கீறலும் அந்தப் பொக்கை போட்டதுதான். பாத்துட்டு என் கண்ணாடியைச் சந்தேகப்பட்டேன், கத்தியைச் சந்தேகப்படல."

சர்ஜன் பெயின்டரின் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். பழைய தழும்பு என்று ஒதுக்கியிருந்த வெள்ளைப் புள்ளிகள், சுள்ளிக் கிளை மாதிரி பிரிந்து போயிருந்தன.

"படிச்சிருக்கேன். பாத்ததில்ல," என்றார். போனை எடுத்து, மத்தியான ஆபரேஷனை நிறுத்தச் சொன்னார். பிறகு வெட்டுக்கிளியிடம், "கத்தி உடைஞ்சா குப்பைகிட்ட சொல்லாதம்மா, எங்ககிட்ட சொல்லு. நானும் உன்னைக் கேக்காமலே தீர்ப்பு எழுதிட்டேன்," என்றார்.

வார்டில் பெயின்டர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, முந்தானை நுனியைத் திருகியபடி.

"ரொம்ப அபூர்வமான வியாதி, நுரையீரலுக்குள்ளயே எலும்பு வளருது," என்றார் டாக்டர். "உங்களுக்கு மெதுவாத்தான் வளருதுன்னு தோணுது. இப்போதைக்கு வெட்ட வேண்டாம். அப்பப்ப வந்து காட்டுங்க."

பெயின்டர் மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டியா? முதுகெலும்பே இல்லாத ஆளுன்னு இத்தனை வருஷம் சொன்னியே. உள்ள ஸ்டாக் வெச்சிருக்கேன் பாரு!"

"முதுகுல இருக்கவேண்டியது நெஞ்சுல இருந்து என்ன பிரயோஜனம்? ஒரு காரியமாவது சரியான இடத்துல செஞ்சிருக்கீங்களா?" என்றாள் அவள். சொல்லிவிட்டு அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் கிளம்பிப் போகும்வரை விடவில்லை.