ஒரு சாண் தூரம்

வெள்ளைச் சோதனையில் அறை மறைந்துவிட வேண்டும். சுவர், மேசை, ஜன்னல் திரை என எதுவாக இருந்தாலும், தன்மேல் விழும் ஒளியை ஒரு துளியும் குறையாமல் திருப்பிக் கொடுக்கும்படி வைத்து, எல்லாப் பக்கமிருந்தும் ஒரே அளவு ஒளியைப் பாய்ச்சினால், பொருளுக்கும் வெற்றிடத்துக்கும் வித்தியாசமே இல்லாமல் போய்க் கணினித் திரை எழுதாத தாளாக நிற்கும். ஏதாவது கண்ணில் பட்டால் நிரலில் தப்பு என்று அர்த்தம். அவள் திரையில் எல்லாமே மறைந்திருந்தது, இடது மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இருட்டைத் தவிர.

ஒளி எங்கே மோதும், எப்படித் திரும்பும் என்று கணக்குப் போட்டுப் படம் வரைகிற அந்த நிரலில்தான் அவளுடைய எட்டு வருஷம் போயிருந்தது. உலகத்தில் விளக்கிலிருந்து ஒளி புறப்பட்டுக் கண்ணுக்கு வருகிறது. அவள் நிரலில் தலைகீழ்: கண்ணிலிருந்து கதிர்கள் கிளம்பி, அறையைத் தடவிக்கொண்டே விளக்கைத் தேடிப் போகும். சோதனைக்கு ஓர் அறை தேவைப்பட்டபோது, கணவன் உட்கார்ந்து மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிற அறையிலேயே ஸ்கேனரை மாட்டிவிட்டாள். அது மணிக்கு ஒருமுறை அறையை அளந்து அனுப்பும். அந்த அளவிலிருந்து நாற்காலியையும் அதில் இருக்கிற மனுஷனையும் வெட்டி எறிந்துவிட்டு, அவன் கண் இருக்கும் இடத்திலேயே நிரலின் கேமராவை வைத்திருந்தாள்.

அவன் நாலு நாளாகப் புலம்பிக்கொண்டுதான் இருந்தான்.

"அந்த ரூம் மங்கலாவே இருக்கு. ரெண்டு பல்பு மாத்திப் பாத்துட்டேன்."

"கண்ணை மாத்திப் பாருங்க," என்றாள். தலைக்கு மேல் வேலை கிடக்கும்போது பல்பைப் பற்றி யார் பேசுவது? அவன் சிரித்துவிட்டுப் போனான். அவள் என்ன சொன்னாலும் சிரிக்கிற ஒரே ஆள் அவன்தான், அவளுக்கென்று இருக்கிற ஒரே ஆளும்.

ஆய்வகத்தில் நிறம் கெடாமல் பார்ப்பதற்காக ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். வெளியே வெயில் கொளுத்துவதற்கு அடையாளமே இல்லாமல், கணினிகளின் விசிறிகள் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்க, சூடேறிய தூசியின் வாடை தொண்டையில் படிந்தது. ஸ்கேனரிலிருந்து பத்து மணிக்கான அளவு வந்தது. இருட்டு மூலையை விட்டு அலமாரிப் பக்கம் நகர்ந்திருந்தது. அந்த இடத்தில் ஸ்கேனர் எந்தப் பொருளையும் அளக்கவில்லை, ஆனால் உள்ளே போன கதிர் ஒன்றுகூடத் திரும்பவில்லை. பதினொரு மணிக்கு அது திரையில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது.

பேராசிரியர் கதவைத் தட்டாமல் உள்ளே தலையை நீட்டினார். "படம் இன்னுமா வரல? மத்தியானத்துக்குள்ள அனுப்பலைன்னா ப்ராஜெக்ட்லேருந்து உங்க பேரை எடுத்துட்டு வேற ஆளைப் போட்டுடுவேன்."

"சின்ன பிழை சார். சரி பண்ணிடறேன்."

"நாலு நாளா இதையேதான் சொல்றீங்க."

அவளுக்குக் காதெல்லாம் எரிந்தது. இந்த மாதிரிக் கறுப்புத் திட்டுக்கு இந்தத் தொழிலில் ஒரு கைவைத்தியம் உண்டு. கணக்கின் கடைசி இலக்கம் பிசகினால், கதிர் கிளம்பிய இடத்திலேயே தடுக்கி விழும். அதனால் கொஞ்சம் தள்ளிக் கிளம்பச் சொல்வார்கள், ஒரு மயிரிழை தள்ளி. பன்னிரண்டு மணிக்கான அளவு வந்ததும் அவள் இருந்த கோபத்தில் ஒரு சாண் தள்ளி வைத்தாள். கண்ணுக்கு ஒரு சாண் வரைக்கும் என்ன இருந்தாலும் பார்க்காதே.

திரை பளிச்சென்று வெள்ளையானது. அப்பாடா என்றிருந்தது. படத்தை அனுப்பினாள், "இப்பத்தான் உருப்படி" என்று பதில் வந்தது, சாப்பிடக்கூடப் போனாள். திரும்பி வந்து, அறிக்கைக்காகப் பழைய பதிவுகளைப் புரட்டினாள். இருட்டு கேமராவிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று நிரல் மணிவாரியாகக் குறித்து வைத்திருந்தது. ஒன்பது மணிக்குப் பதினோரு அடி. பத்துக்கு ஏழு. பதினொன்றுக்கு மூன்று.

பன்னிரண்டுக்கு ஒன்றும் இல்லை.

இருட்டு போகவில்லை, ஒரு சாணுக்குள் வந்துவிட்டது. பார்க்காதே என்று சொன்னவள் அவள்தான்.

ஒரு சாண் தூரத்தை மறுபடி மயிரிழையாக்கி ஓடவிட்டாள். விசிறிகள் இரைந்தன. திரை நிரம்பியது. மேலிருந்து கீழ் வரை. கறுப்பு. ஓரம் இல்லை. மூலை இல்லை.

போனை எடுத்து அவனைக் கூப்பிட்டாள். ஏழாவது தடவை மணி அடித்தபோதுதான் எடுத்தான்.

"ரூமை விட்டு வெளிய வாங்க. இப்பவே."

"கதவு எந்தப் பக்கம்னு தெரியல," என்றான் மெதுவாக. "மணி ரெண்டுதானே ஆகுது?"

"லைட்டைப் போடுங்க!"

"போட்டுத்தான் இருக்கேன். பல்பு மேல கை வச்சுப் பாத்தேன், சுடுது." நாற்காலி கிரீச்சிட்டது. "முகத்துக்கு ரொம்பப் பக்கத்துல என்னமோ இருக்கு. கையை நீட்டினா ஒண்ணும் படல."

வண்டியை எப்படி ஓட்டினாள் என்று தெரியாது. வெயில். சிவப்பு விளக்கு. யாரோ திட்டினார்கள். மாடிப்படி. சாவி. இரண்டு தடவை கீழே விழுந்தது.

அறை மங்கலாக இல்லை. அப்படி ஒரு வெளிச்சத்தை அந்த அறையில் அவள் பார்த்ததே இல்லை. ஜன்னல் வெயில் தரையிலும் காகிதங்களிலும் தெறித்தது. நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். நீலச் சட்டை. மடித்த கை. காலரில் வெயில். இரண்டு காதிலும் வெயில்.

காதுகளுக்கு நடுவில் முகம் இல்லை. காயமும் இல்லை, நிழலும் இல்லை. வெயில் அங்கே போனது. திரும்பவில்லை.

"வந்துட்டியா?" அவன் குரல்தான். "பக்கத்துல வாயேன். பயமா இருக்கு."

அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் போனாள். அவன் கையை நீட்டித் துழாவி, அவள் மணிக்கட்டைப் பிடித்தான். பிடி சில்லென்றிருந்தது, விடவில்லை. அவள் குனிந்து பார்த்தாள். அவன் விரல் பட்ட இடத்தில் அவள் தோல் கறுக்கவில்லை. அந்த இடமே கண்ணுக்குத் தெரியவில்லை. அத்தனை வெயிலில், மணிக்கட்டுக்கு அந்தப் பக்கம் அவளுடைய ஐந்து விரல்களும் தனியாக அசைந்துகொண்டிருந்தன.