பேஜாருக்குக் கிடைத்த வீடு

அன்றைக்கு அந்த மழை மட்டும் பெய்யாமல் இருந்திருந்தால்... என்று செங்கொடி பிறகு பலமுறை நினைத்துக்கொண்டாள். ஆனால் பெய்தது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வால் பிடித்து நின்ற சாயங்கால வேளையில், வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. இடிச்சத்தத்தில் மிரண்ட பேஜாரு, அவள் கையிலிருந்த பட்டையை உருவிக்கொண்டு ஓடி, பக்கத்தில் இருந்த கயிறு தார்ப்பாய் குடோனுக்குள் புகுந்துவிட்டது.

பேஜாரு என்பது நாயின் பெயர். சடையங்குப்பத்தை வெள்ளம் சூழ்ந்தபோது ஓட்டுக்கூரை மேல் நின்று கத்திக்கொண்டிருந்த குட்டியை அவள்தான் இறக்கித் தூக்கி வந்தாள். வியாசர்பாடி மைதானத்தில் பந்துக்குப் பின்னால் ஓடி ஓடியே வளர்ந்தது. ஒரு வருஷத்தில் ஒன்பது பந்து, நாலு ஜோடி செருப்பு, பக்கத்து வீட்டு மிதியடி... அந்தப் பெயரை அது உழைத்துத்தான் வாங்கியது.

அவள் நனைந்துகொண்டே வாசலை எட்டுவதற்குள், பேஜாரு ஒரு கயிற்று நுனியைக் கவ்விக்கொண்டு வெளியே பாய்ந்தது. உருளையிலிருந்து கயிறு சரசரவென்று அவிழ்ந்துகொண்டே வந்தது. அதில் கால் சிக்கிய ஒருவன், ஒற்றைக் காலில் நொண்டியடித்துக்கொண்டு மழைக்குள் வந்து நின்றான்.

"நாயா இது, இல்ல கிரேனா?"

"கயித்த வாசல்ல போட்டு வெச்சிட்டு நாயச் சொல்றீங்களே சார்... அதுக்கு இன்னா தெரியும்?"

கோபப்படத்தான் வந்தான். ஆனால் இமையில் மழைத்துளி தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கண்கள் அவனை மீறிச் சிரித்துவிட்டன. செங்கொடி அந்தக் கண்களை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்துவிட்டாள். எல்லா வம்பும் அந்த ஒரு நொடியில் ஆரம்பித்ததுதான்.

அவன் பெயர் ஜோபின். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் கயிறு தார்ப்பாய்க் கடை போட்ட குடும்பம்; இந்தக் குடோனும் அவர்களுடையதுதான். கீழே கடை, மாடியில் வீடு, வீட்டில் அம்மா. மழை விடும்வரை குடோனில் நின்று பேசியதில், பேஜாருக்கு வேறு வீடு தேடுகிறாள் என்பது அவனுக்குத் தெரிந்தது. அவள் குடும்பம் இருந்த ஹவுசிங் போர்டு குடியிருப்பை இடிக்கப்போகிறார்கள். மாதக் கடைசிக்குள் ஒற்றை அறை வாடகை வீட்டுக்குப் போயாக வேண்டும். அந்த வீட்டுக்காரர் நாய் கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார். அப்படியானால் நானே எடுத்துக்கொள்கிறேன் என்றான் ஜோபின்.

"எடுத்துக்க இது இன்னா தார்ப்பாயா? ஃபாரம் கீது சார்."

செங்கொடி கண்டெய்னர் யார்டு கேட்டில் வேலை பார்ப்பவள். சீல் நம்பரைச் சரிபார்க்காமல் ஒரு பெட்டியையும் நகரவிட மாட்டாள். நாய் கொடுப்பதிலும் அதே கறார். ஏழு கேள்விகளைத் தானே எழுதி, நகலெடுத்துப் பையில் வைத்திருந்தாள். ஆறையும் டக் டக்கென்று எழுதியவன் ஏழாவதில் நின்றான். 'வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா?'

"எனக்குப் பிடிச்சிருக்கு. அது போதாதா?"

"ஒருத்தருக்குப் புடிச்சா பத்தாது சார்."

போன வருஷம் மணலி புதுநகரில் ஒரு வீட்டுக்குக் குட்டி கொடுத்திருந்தாள். மகன் உயிரையே வைத்திருந்தான், அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ஒரே மாதத்தில் அந்தக் குட்டியை எண்ணூர் ஸ்டேஷன் வாசலில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதைத் தேடி மூன்று நாள் அலைந்தும் அவளுக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கேள்வி அப்போது எழுதியது.

அதை அவள் சொன்னபோது ஜோபின் சிரிக்கவில்லை. மறுநாள் நாயை வீட்டுக்குக் கூட்டிப்போய், அம்மாவின் பாதத்தில் அது தலைவைத்துப் படுத்திருப்பதைப் படம் எடுத்து அனுப்பினான். ஏழாவது கேள்விக்கு 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டான்.

கொடுத்த பிறகு நாலு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பது அவள் வழக்கம். முதல் மூன்று முறை துறைமுகப் பக்கம் நாயை நடக்கக் கூட்டிவரச் சொல்வாள். நாலாவது முறை வீட்டுக்கே போவாள். முதல் வாரம் நாயைப் பற்றியே பேசினார்கள். இரண்டாவது வாரம் நாய்க்கு அம்மா பெஞ்சமின் என்று பெயர் மாற்றிவிட்டதாக அவன் சொல்ல, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூன்றாவது வாரம் திடீர் மழை... அவன் வண்டியில் கிடந்த தார்ப்பாய்த் துண்டை இருவர் தலைக்கும் மேலே பிடித்தான். நடுவில் நாய். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவளும் கேட்கத் தயாராகத்தான் இருந்தாள். பேஜாரு உடம்பைச் சிலுப்பி இருவர் முகத்திலும் சேற்றை அடித்தது.

நாலாவது ஞாயிறு. செங்கொடி புதுச் சுடிதார் போட்டுக்கொண்டாள். நாய் இருக்கிற வீட்டைப் பார்க்கத்தானே போகிறோம், இதெல்லாம் எதற்கு என்று தன்னையே கேட்டுக்கொண்டு, பொட்டை இரண்டு தடவை மாற்றினாள். மாடிப்படி ஏறும்போது அவள் கண் நாயைத் தேடவில்லை. சமையலறை ஜன்னலைப் பார்த்தது... வாசலில் செருப்பு விட இன்னொரு ஜோடிக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்தது.

ஜோபினின் அம்மா தேவப்பிரியம் சிரித்த முகத்தோடுதான் வரவேற்றார்.

"வா புள்ள, உக்காரு. ஒன் நாயி எப்பிடி தடிச்சிருக்கு பாத்தியா?"

மூன்று கண்ணாடி டம்ளரில் காப்பி வந்தது. தட்டைக் கீழே வைக்கும் முன்பே பெயர் என்ன, எந்த ஏரியா, எந்தத் தெரு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். செங்கொடி சொன்னாள். தெருப் பெயரையும் ஒளிக்காமல் சொன்னாள். ஒளிக்க அவளுக்கு என்ன இருக்கிறது? காப்பி ஆறிப்போச்சே என்று தேவப்பிரியம் தட்டோடு உள்ளே போனார். திரும்பி வந்தபோது தட்டில் இரண்டு கண்ணாடி டம்ளர், ஒரு பேப்பர் கப். கப்பை அவள் முன்னால் வைத்தார். முகத்தில் அதே சிரிப்பு இருந்தது.

மேசைக்குக் கீழே பேஜாரு பால் குடித்துக்கொண்டிருந்தது. 'தேவப்பிரியம்' என்று பெயர் வெட்டிய, கல்யாணச் சீராக வந்த எவர்சில்வர் தட்டு அது.

ஜோபின் பார்த்தான். அவன் பார்த்ததை அவளும் பார்த்தாள். அடுத்த நொடி அவன் குனிந்து போனைத் தடவ ஆரம்பித்தான். அவள் காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்து, கப்பைக் கசக்கித் தன் கைப்பையிலேயே போட்டுக்கொண்டு எழுந்தாள்.

மறுநாள் சாயங்காலம் அவன் யார்டு கேட்டுக்கே வந்துவிட்டான். வண்டியின் முன்னால் பேஜாரு உட்கார்ந்திருந்தது. தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"செங்கொடி... நான் உன்ன விரும்புறேன். நேத்து அம்மா செஞ்சது தப்புன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சிதா? நீங்க போனப் பாத்துகினு இருந்தீங்கன்னு நெனச்சேன்."

அவன் தலை குனிந்தது. அம்மா பழைய காலத்து மனுஷி, மெதுவாகப் பேசிச் சரிசெய்கிறேன் என்றான். ஒரு வருஷம், இரண்டு வருஷம் ஆகலாம்... அதுவரை வெளியிலேயே பார்த்துக்கொள்வோம், நீ வீட்டுக்கு வந்து சங்கடப்பட வேண்டாம் என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். அதுதான் அவளுக்கு இன்னும் கசந்தது.

அவள் பையிலிருந்து ஃபாரத்தை எடுத்தாள். அதோடு கசங்கிய பேப்பர் கப்பும் வெளியே வந்து அவன் காலடியில் விழுந்தது. அவன் குனிவதற்குள் அவளே எடுத்துக்கொண்டாள். நாலாவது வாரம், நாய் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை அவனிடம் நீட்டினாள்.

"ஏழாவது கேள்விக்கு இன்னொருக்கா எழுதுங்க. இந்த வாட்டி எனக்கு."

'வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா?' காகிதத்தில் தூறல் விழுந்து எழுத்து ஊற ஆரம்பித்தது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. பேனா அவன் கையிலேயே இருந்தது.

"அம்மாவ வுடுங்க. உங்களுக்கு சம்மதமான்னுதான் கேக்கறேன். சம்மதம்னா நேத்தே அந்தக் கப்ப நீங்க எடுத்துகினு, உங்க டம்ளர எனக்குக் குடுத்துருப்பீங்க."

"அப்ப... என்னப் பிடிக்கலையா உனக்கு?"

செங்கொடி அந்தக் கண்களைப் பார்த்தாள். இமையில் அதே மழைத்துளி. அந்தப் பாழாய்ப்போன ஒரு நொடி...

"புடிக்கும். கால்ல கயித்த சுத்திகினு மழையில வந்து நின்னீங்களே, அன்னிக்கே புடிச்சிது. நேத்து நான் நாயப் பாக்க வர்ல. அந்த வூட்ல எனக்கு எடம் கீதான்னு பாக்கத்தான் வந்தேன்." ஃபாரத்தின் மேல் விழுந்த தூறலைப் புறங்கையால் துடைத்தாள். "ஆனா ஒருத்தருக்குப் புடிச்சா பத்தாது, ஜோபின்."

சார் போடாமல் அவன் பெயரை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் பேனாவைத் திருப்பிக் கொடுத்தான்.

பேஜாரு வண்டியிலிருந்து குதித்து அவள் தோள்மேல் காலை வைத்து ஏறி, முகமெல்லாம் நக்கியது. திருப்பிக் கூட்டிப்போக அவளுக்கு வீடு இல்லை. அதற்கு ஒரு வீடு கிடைத்துவிட்டது. அந்த வீட்டில் அதற்குத் தட்டும் இருக்கிறது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கால்களை மெல்ல இறக்கிவிட்டு, வண்டிப் பக்கம் திருப்பிவிட்டாள்.

"போ, பெஞ்சமின்... அம்மா தேடுவாங்க."