ஜேசுதாசனின் கயிறு

டீக்கடைப் படத்தில் ஒரு கயிறு விழுந்திருந்தது.

பர்னபாஸ் அதைச் சிவப்பு பல்புக்கு அடியில் சாய்த்துப் பார்த்தான். கடைக்காரர் தளவாய் அண்ணாச்சி, கேமராவைக் கண்டால் எப்போதும் செய்வதுபோல, பாஸ்போர்ட்டுக்கு நிற்கிறவராக விறைத்திருந்தார். அவருடைய டீயைப்போலவே படத்திலும் உயிர் கொஞ்சம் குறைவு. பெஞ்சுக்கு அடியில், நேற்று படம் எடுக்கும்போது அங்கே இல்லாத கயிறு, தரையில் ஈரம் பரப்பிக்கொண்டு கிடந்தது.

கிரேட் காட்டன் ரோட்டுப் படத்தில் அது சைக்கிள்களுக்கு நடுவே ஓடியது. மக்ரூன் கடைப் படத்தில் தரையைவிட்டு எழும்பி முறுக்கேறி நின்றது. மூன்றிலும் அதன் ஒரு முனை, படம் எடுத்தவன் பக்கமாகத்தான் வந்து முடிந்தது.

பிலிம் பழசு என்று சொல்லிக்கொண்டான். வெளியே வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. ஜன்னலை அடைத்த கறுப்புத் துணிக்கு இந்தப் பக்கம் படம் கழுவும் ஹைப்போவின் வாடையும், ஊறிய சுண்ணாம்புச் சுவரின் வாடையும், இரண்டுக்கும் அடியிலிருந்து மெல்லக் கிளம்பி வருகிற, கரையில் சங்குச் சதை அழுகும் நாற்றமும் இருந்தன. யாஷிகா கேமரா கழுத்தில் தொங்கியது. எழுபத்து நாலில் வாங்கியதிலிருந்து அது இறங்கியதில்லை, பூசையில்கூட.

கதவுக்கு வெளியே தங்கை பேபி காத்திருந்தாள். நாளை அவள் புருஷன் ஜேசுதாசனுக்கு முப்பதாம் நாள் பூசை.

"அண்ணே, அவுக சிரிச்சிக்கிட்டு நிக்கிற படம் ஒண்ணு போதும்."

சுருளின் முதல் படம் அது, வள்ளத்தில் எடுத்தது. அதைக் கழுவுவதைத் தள்ளிப்போடத்தான் மிச்சப் பிலிமோடு பர்னபாஸ் ஒரு மாதமாகத் தெருத்தெருவாக, டீக்கடை டீக்கடையாக அலைந்தான்.

சங்கு குளிக்கிறவன் தன் கயிற்றை மச்சினன் கையில்தான் கொடுப்பான். கூடப்பிறந்தவள் தாலியை எவனும் நழுவ விடமாட்டான் என்று ஊர் நம்பியது. மச்சினனிடம் கேமரா இருக்கும் என்று ஊர் நினைத்திருக்கவில்லை. ஜேசுதாசன் கடைசியாக முங்கிய அன்று தூரத்தில் ஒரு வெள்ளைக் கப்பல், அதன் மேல் பறவைகள். பர்னபாஸ் கயிற்றைக் காலால் மிதித்துக்கொண்டு குனிந்து போகஸ் பார்த்தான். மேலே தூக்கச் சொல்லி, பாதத்துக்கு அடியில் கயிறு நான்கு முறை இழுபட்டது. இன்னும் ஒரே ஒரு படம் என்று நினைத்தான். பிறகு இழுத்தபோது பாரம் வந்தது, மூச்சு வரவில்லை. கயிறு அசையவே இல்லை என்று கரையில் சொன்னான்.

முதல் படத்தின் தாளை மருந்துத் தண்ணீர்த் தட்டில் நழுவவிட்டான். உருவம் மேலே எழும்பி வந்தது.

ஜேசுதாசன் இல்லை. இருட்டுத் தண்ணீர். தலைக்கு மேலே வள்ளத்தின் அடிப்பலகை. விளிம்பில் குனிந்தபடி ஒருவன். முகம் இருக்க வேண்டிய இடத்தில் கேமரா. ஆழத்திலிருந்து எடுத்த படம்.

"அண்ணே, நெசமாச் சொல்லு. அன்னைக்குக் கயிறு அசைஞ்சுதா?"

"இல்லளா. அசையவே இல்ல."

கேமரா வார் இழுபட்டது. கீழே, தட்டை நோக்கி.

மேசையைப் பிடித்தான். இரண்டு. வார் நனைந்திருந்தது. தோல் இல்லை, முறுக்கிய கயிறு. மூன்று. நெற்றி தண்ணீரைத் தொட்டது. பேபி என்று கூப்பிட வாயைத் திறந்தான். உப்பு.

நான்கு.

கண் திறந்தபோது அடிப்பலகை அவனுக்கு மேலே இருந்தது. விளிம்பில் குனிந்திருந்தவன் கேமராவை முகத்திலிருந்து இறக்கினான். ஜேசுதாசன். சிரித்துக்கொண்டு நின்றான்.

பர்னபாஸ் கயிற்றை இழுத்தான். மறுபடி இழுத்தான்.

ஜேசுதாசன் அதைக் காலால் மிதித்துக்கொண்டு, கேமராவைக் கண்ணில் வைத்து, நிதானமாகப் போகஸ் பார்த்தான்.