மர்ஃபி தாத்தாவின் முள்கரண்டி

"அமாவாசைச் சோத்துக்குப் பக்கத்துல முள்கரண்டியா? உனக்கு என்னடா ஆச்சு, தம்பி?"

"அவரு வெள்ளைக்காரரு, அக்கா. கையால சாப்பிட்டிருக்க மாட்டாரு."

"சாப்பிடப் போறது காக்காதான் லா. அது முள்கரண்டியைத் தூக்குமா?"

நவமணி முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். காலையிலிருந்து அப்பாவுக்கும் புஷ்பவள்ளி அத்தைக்கும் இதே சண்டை. அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டாள்.

புரட்டாசி அமாவாசை. மறைந்த பெரியவர்களை நினைத்து மதில்மேல் வைக்கும் சோற்றைக் காக்கை தொட வேண்டும். அதன் பிறகுதான் வீட்டில் யாரும் சாப்பிடலாம். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வடை ஆறிக்கொண்டிருந்தது. பசியில் நவமணியின் வயிறு பினாங்குத் துறைமுகத்துக் கப்பல் மாதிரிச் சங்கு ஊதியது.

வருடா வருடம் நல்லமுத்துத் தாத்தாவுக்கு ஓர் இலைதான். இந்த வருடம் அப்பா இன்னோர் இலையும் போட்டுவிட்டார். அது மர்ஃபி தாத்தாவுக்கு.

அப்பாவின் பெயர் ராமதாஸ். ஆனால் தலைமுடி செம்பட்டை, முகமெல்லாம் புள்ளி. சூலியா தெருவில் அவர் தமிழ் பேசினால் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவரைப் பெற்ற மர்ஃபி, அயர்லாந்திலிருந்து வந்த கப்பல் இயந்திரக்காரர். மனைவி இறந்து, அவரும் காய்ச்சலில் போய்விட்டார். கப்பலுக்குக் கரி ஏற்றிக்கொண்டிருந்த நல்லமுத்துத் தாத்தா, அழுத குழந்தையைத் தூக்கி வந்து தம் மகள் புஷ்பவள்ளியோடு சேர்த்து வளர்த்தார். குழந்தையோடு வந்த ஒரே சொத்து அந்த முள்கரண்டி.

"எப்பவும் இலை போட்டதும் காக்கா வந்துடும். இன்னைக்கு வரலை பாத்தியா?" அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "எங்கப்பாவுக்குக் கோவம். வளத்தவரு ஒருத்தர் போதலையான்னு நெனைக்கிறாரு."

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. மர்ஃபியின் இலையை எடுக்கக் கை நீட்டினார். "எடுத்துடறேன்கா. இனிமே அவருக்குப் படைக்கவே மாட்டேன்."

நவமணிக்குப் பொறுக்கவில்லை. ஒருவர் அழுகிறார், ஒருவர் இலையை எடுக்கிறார். காக்கையை யாராவது பார்த்தார்களா? அவள் பார்த்தாள். அது முருங்கை மரத்திலிருந்து இறங்கி மதிலில் தத்தித் தத்தி வந்தது. முள்கரண்டியில் வெயில் பட்டு மின்னியதும் வெடுக்கென்று மரத்துக்கே பறந்துவிட்டது.

"கையை எடுங்கப்பா. யாருக்கும் கோவம் இல்ல. முள்கரண்டி கண்ணைக் கூசுது, அவ்வளவுதான்."

"அப்ப அதை உள்ள வச்சிடு," என்றாள் அத்தை.

நவமணி அப்பாவைப் பார்த்தாள். முள்கரண்டியை உள்ளே கொண்டுபோகவில்லை. வாழையிலைத் துண்டு ஒன்றைக் கிழித்து அதன்மேல் போர்த்தினாள். பிறகு இரண்டு இலைகளையும் ஒட்டினாற்போல் இழுத்து வைத்தாள்.

"இது எதுக்குடி?"

"ரெண்டு பேரும் ஒரே பிள்ளைக்கு அப்பா, அத்தே. தள்ளித் தள்ளியா உக்காருவாங்க? சரி, எல்லாரும் உள்ள போங்க. நீங்க இப்படி முறைச்சா எந்தக் காக்கா வரும்?"

மூவரும் கதவுக்குப் பின்னால் நின்றார்கள். காக்கை வந்தது. இலைக்கு ஒரு கால் வைத்து நின்றது. மர்ஃபிக்கு வைத்த உருளைக்கிழங்கைக் கொத்தியது. உடனே திரும்பி நல்லமுத்துத் தாத்தாவின் சோற்றையும் கொத்தியது.

முன்னால் நின்ற அப்பாவைத் தாண்டி எட்டிப் பார்க்க அத்தைக்கு உயரம் போதவில்லை. "எந்த இலையில மொதல்ல கொத்துச்சு?"

"நான் கண்ணை மூடிக்கிட்டேன் அத்தே."

அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. "பெரிய ஆளுடி நீ. வா, சாப்பிடலாம்."

அப்பாடா. இலை போட்டாயிற்று. நவமணி வடையை எடுத்து வாயருகே கொண்டுபோனாள்.

"அக்கா," என்றார் அப்பா.

சாம்பார்க் கரண்டி அந்தரத்தில் நின்றது. "இப்ப என்னடா?"

"என்னைப் பெத்த அம்மாவும் இந்த ஊர்லதான் செத்தாங்க. பேருகூடத் தெரியாது. அடுத்த வருசம் அவங்களுக்கும் ஒரு சின்ன இலை போடலாமாக்கா?"