துடுப்பைத் தூணாக நட்டவன்

மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரையில் மூன்று நாள் பாட்டுத் திருவிழா. சுனாமி வந்துபோய் ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. வெளியூர்ப் பிள்ளைகள் தங்குவதற்குக் கூடாரம் அடித்துக் கொடுக்கும் வேலைக்கு இரணியலிலிருந்து நானும் என் தங்கை புருஷன் ஞானசிங்கும் போயிருந்தோம். தங்கை பூங்கனிக்கு நிறைமாதம். "அவருக்கு நீச்சல் தெரியாது அண்ணே, தண்ணிக்க பக்கம் விட்டுராத" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

எல்லாருக்கும் அடித்து முடித்தபோது எங்களுக்கு ஒரு தார்ப்பாய் மிஞ்சியது. நடுக்கம்பு இல்லை. ஞானசிங் எங்கோ போய் ஒரு பழைய துடுப்போடு வந்தான்.

"மணல்ல சும்மா நின்னுது மச்சான். பிடுங்கிட்டேன்."

ரப்பர் மரத்துக்கு நடுவில் வளர்ந்தவர்கள் நாங்கள். துடுப்பை யாராவது சும்மா நட்டுவைப்பார்களா என்று யோசிக்க எங்களுக்குத் தெரியவில்லை.

மறுநாள் விடிந்ததிலிருந்து மழை. மேடையை மூடிவிட்டார்கள். பிள்ளைகள் கூடாரங்களுக்குள் கிடந்து கிதார் மீட்டிப் பாடினார்கள். மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் தின்றுவிட்டு நாங்களும் சாய்ந்தோம்.

"மழ நிக்கவே வேண்டாம் மச்சான். சம்பளத்தோட ஒறக்கம்லா" என்றான் ஞானசிங்.

கண் அசந்த நேரம், என் உதட்டில் ஒரு சொட்டு விழுந்தது.

உப்பு.

துடுப்பின் வழியாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. கையை வெளியே நீட்டி மழையைப் பிடித்து நக்கிப் பார்த்தேன். மழைக்கு உப்பில்லை.

கூடாரத்துக்குள் நனைந்த வலையின் வாடை அடித்தது. பக்கத்துக் கூடாரத்தில் பாட்டுக்குக் கை தட்டினார்கள். அந்தத் தாளத்துக்கு எங்கள் துடுப்பு முன்னால் சாய்ந்தது, பின்னால் நிமிர்ந்தது. கிரீச். கிரீச்.

பாட்டு முடிந்தது.

கிரீச் சத்தம் முடியவில்லை.

ஞானசிங் எழுந்து உட்கார்ந்திருந்தான். கண் மூடியிருந்தது. இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்து, படகு ஓட்டுவதுபோல் வலித்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள?"

"ஒத்தைக்கு வலிக்க முடியல்ல" என்றான். அவன் குரல் இல்லை. தொண்டையில் தண்ணீர் கிடக்கிற குரல்.

அவன் கால் நனைந்திருந்தது. கீழே பாய் காய்ந்து கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கைலி முழங்கால்வரை நனைந்தது. பிறகு இடுப்புவரை. தண்ணீரே இல்லாத இடத்தில் அவனுக்கு மட்டும் தண்ணீர் ஏறியது.

அவன் விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன். அசையவில்லை. பூங்கனியின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. கத்தினேன்.

சாயா விற்கும் லீமா, பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். துடுப்பைக் கண்டதும் கையிலிருந்த தூக்குப் போணி கீழே விழுந்தது.

"ஆரு வே இதப் பிடுங்கினது?"

"தெரியாம எடுத்துட்டோம் அக்கா..."

"எனக்க வீட்டுக்காரருக்கதாக்கும். சுனாமி அன்னைக்கு வள்ளத்தோட போனாரு. ஆளு கெடைக்கல்ல, இது மட்டும் கரைக்கு வந்துது. கல்லறைக்குப் பதிலா நட்டு வச்சிருக்கேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "ரெண்டு பேரு வலிக்கிற வள்ளம் அது. ஒத்தையாட்டுல்லா போனாரு."

சட்டை மார்புவரை நனைந்துவிட்டது. கழுத்துவரை. ஞானசிங் இருமினான். வாயிலிருந்து கடல் தண்ணீர் வந்தது.

லீமா முட்டுக்குத்தி உட்கார்ந்து, அவன் கைகளுக்குக் கீழே தன் கைகளை வைத்தாள்.

"இஞ்சருங்க" என்று துடுப்பிடம் மெல்லச் சொன்னாள். "இவரு கரைக்காரரு. இவருக்க பெண்டாட்டி காத்துக்கிட்டிருப்பா. விட்டுருங்க."

துடுப்பு நிற்கவில்லை.

லீமா துடுப்பை இறுகப் பிடித்தாள்.

"நான் வாறேன்."

அவளே ஒருமுறை வலித்தாள்.

ஞானசிங்கின் கைகள் கழன்று விழுந்தன. கூடாரம் எங்கள் மேல் சரிந்தது. நான் அவனை வெளியே இழுத்துப் போட்டபோது, லீமா மழைக்குள் துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வாரமே பூங்கனிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஞானசிங் குழந்தையைத் தூக்கும்போது பார்த்தேன். அவன் உள்ளங்கை இரண்டிலும் காய்ப்பு. வருஷக்கணக்காகத் துடுப்பு வலித்தவனின் காய்ப்பு.

மறுவருஷம் திருவிழா வேலைக்கு நான் மட்டும் போனேன். நல்ல வெயில். லீமாவின் சாயாக்கடை பூட்டிக் கிடந்தது. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டேன்.

"போன வருஷத்து மழையோட ஆளக் காணல்ல" என்றார். பிறகு கறுப்பு மணலைக் கையால் காட்டினார். "அந்த ரெண்டாவத நாங்க ஆரும் நடல்ல வே."

பழைய துடுப்புக்குப் பக்கத்தில் இன்னொரு துடுப்பு நின்றது. அந்த வெயிலிலும் இரண்டிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

காற்றே இல்லை. இரண்டும் ஒன்றாகச் சாய்ந்தன, ஒன்றாக நிமிர்ந்தன.