குதிகால் படாத கொலை

"ஐயோ... பண்ணாடி செத்துக் கெடக்கறாரே!"

களை எடுக்க வந்த சாலம்மாள் போட்ட அலறலில் சோளக்காட்டுக் குருவிகள் அத்தனையும் எழும்பிப் பறந்தன.

வாய்க்கால் கரையில் குப்புறக் கிடந்தார் பண்ணையார் வெங்கடாசலம். வெண்ணந்தூரில் பாதி பூமி அவருடையது. பின்மண்டையில் கடப்பாரை அடி.

ஒரே அடி!

1938-ஆம் வருடம், புரட்டாசி மாதம், காலை ஏழு மணி.

ஒன்பது மணிக்கு ராசிபுரத்திலிருந்து சப்-இன்ஸ்பெக்டர் வெள்ளியங்கிரி வந்து இறங்கினார். கூடவே டாக்டர் மருதாசலத்தையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

மருதாசலம் எல்.எம்.பி. படித்தவர். கடைவீதியில் டிஸ்பென்சரி. மூட்டு, சதை, நரம்பு என்று வருகிறவன் போகிறவன் காலையெல்லாம் நாடாவால் அளந்து நோட்டில் எழுதுகிற கிறுக்கு அவருக்கு. ஊரில் அவர் பெயரே கால் டாக்டர்தான்.

செத்தவர் அவருக்குப் பங்காளி முறை. ஒரு சொட்டுக் கண்ணீராவது வர வேண்டுமே... வரவில்லை!

"டாக்டர், உங்கள ஒப்பாரி வெக்கக் கூட்டியாரலீங்க. இந்தத் தடத்தப் பாருங்க," என்றார் வெள்ளியங்கிரி.

டாக்டர் சேற்றில் குனிந்தார்.

ஐந்து விரலும் முன்பாதமும் ஆழமாகப் பதிந்திருந்தன. குதிகால் படவே இல்லை. அடுத்த தடம் எட்டடி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்!

"முக்காடு போட்ட ஒருத்தன் எகிறித் தாண்டி ஓடுனானுங்க..." நடுங்கினாள் சாலம்மாள். "தொலாவுல பாத்தனுங்க. மொகந் தெரியலீங்க."

"என்ன சொல்றீங்க டாக்டர்?"

"வெரல ஊனி ஓடியிருக்கான். கெண்டைச்சதையும் குதிநரம்பும் நல்ல பலமா இருக்கறவன்தான் இப்படித் தாண்ட முடியும்."

"அப்படிப்பட்ட காலு யாருக்குங்க இருக்குது?"

"ஆயிரம் பேருக்கு இருக்கும்."

"பண்ணாடி மேல பகையும் இருக்கோணுமே?" வெள்ளியங்கிரி மீசையைத் தடவினார். "சின்னான்!"

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மொட்டத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதீங்க! அவன் நொண்டி!"

"அப்புடீங்களா?"

வெள்ளியங்கிரி சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். மதராஸ் வைத்தியர்களின் இங்கிலீஷ் பத்திரிகையில் வந்த பக்கம்.

"அறுந்த குதிநரம்பைத் தைத்தேன். பன்னிரண்டு வாரம் மாவுக்கட்டு. பிறகு பூரண ஓய்வு. நோயாளி இப்போது ஓடுகிறான், தாண்டுகிறான்... இது யாரு எழுதுனதுங்க?"

டாக்டர் காகிதத்திலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"நீங்களே எங்கிட்டப் பெருமையாக் கொண்டாந்து குடுத்ததுதான்! வர்ற வழியிலயே சின்னானப் புடிச்சு லாக்கப்புக்கு அனுப்பியாச்சு. வாங்க ஸ்டேசனுக்கு!"

* * *

சின்னான் யார்?

எட்டு மாதத்துக்கு முன்னால் வரைக்கும் சடுகுடுவில் அவனைத் தொட்டவன் கிடையாது. பண்ணையத்துக் கூலிக்காரன். தைப் பொங்கல் ஆட்டத்தில் வெங்கடாசலத்தின் ஆட்கள் ஏழு பேரையும் ஒற்றை ஆளாக வெளியேற்றினான்.

கூலிக்காரன் ஜெயித்தால் பண்ணாடிக்குப் பொறுக்குமா? அன்று சாயங்காலமே வரப்பில் மடக்கினார். கொடுவாளால் சின்னானின் வலது குதிநரம்பை வெட்டிப் போட்டார்!

மருதாசலம்தான் தைத்தார். சின்னான் கண்ணீரோடு வெட்டியவர் பெயரைச் சொன்னான். டாக்டர் ரிஜிஸ்டரில் என்ன எழுதினார்?

'ஏர்க்கொழு குத்திய காயம்.'

பங்காளி பாசம்! கேஸ் அங்கேயே செத்துப் போயிற்று.

சித்திரையில் கட்டைப் பிரித்தபோது வலது கெண்டைச்சதை வற்றிப் போயிருந்தது. நல்ல காலில் பதின்மூன்று அங்குலம். வெட்டுப்பட்ட காலில் ஒன்பது. விரல் ஊன்றி நிற்கச் சொன்னார். பொத்தென்று விழுந்தான்.

"அசையாம படுத்துக் கெட. சரியாயிரும்," என்றார் டாக்டர்.

சின்னான், மனைவி பொன்னாயியோடு கெங்கவல்லியில் இருந்த மாமனார் வீட்டுக்குப் போய்விட்டான். எப்படியும் ஓடத்தானே போகிறான் என்ற நப்பாசையில், 'ஓடுகிறான்' என்றே எழுதி மதராஸுக்கு அனுப்பிவிட்டார் டாக்டர். ஐப்பசி மாநாட்டில் வந்து பேசச் சொல்லித் தந்தியும் வந்துவிட்டது.

ஆடி மாதம் சின்னான் ஊருக்குத் திரும்பினான். ஊன்றுகோலோடு!

அன்றிலிருந்து எதிரில் அவனைக் கண்டாலே டாக்டர் வேறு சந்தில் நுழைந்துவிடுவார். அந்தக் காலைப் பார்க்கவே அவருக்குப் பயம்.

* * *

ஸ்டேஷன் வாசலில் பொன்னாயி தலைவிரி கோலமாக நின்றாள். டாக்டரைக் கண்டதும் பாய்ந்து வழியை மறித்தாள்.

"எம்பட புருசனத் தூக்குல போடப் போறாங்களாமா! எல்லாம் நீங்க எழுதுன எழுத்தாலயாமா!"

"வழிய உடு பொன்னாயி."

"உடமாட்டனுங்க! வெட்டுனவன் பேரச் சொன்னமே, எழுதுனீங்களா? நடக்க முடியாதவன ஓடறான்னு எழுதத் தெரியுது! உங்க பேரு வெளங்கறதுக்கு எந்தாலிதான் கெடச்சுதுங்களா சாமி?"

டாக்டர் குனிந்த தலை நிமிராமல் உள்ளே போனார்.

லாக்கப் மூலையில் சின்னான் சுருண்டு கிடந்தான். வலது கால் முழங்காலிலிருந்து குதிகால் வரை துணிக்கட்டு. ஏதோ பச்சிலைப் பத்து. நாற்றம் குடலைப் பிடுங்கியது.

"எந்திரிடா!" வெள்ளியங்கிரி லத்தியால் தட்டினார். "வலது காலு வெரல ஊனி நில்லு!"

சின்னான் சுவரைப் பிடித்து எழுந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கினான்.

தொபீர்!

முகம் தரையில் மோதி உதடு கிழிந்தது.

"முடியலீங்க சாமி..."

"நடிக்கறான்! டாக்டர், கட்டப் பிரிச்சு அளந்து பாருங்க."

டாக்டர் கட்டைத் தொட்டார்.

"ஐயோ! தொடாதீங்க சாமி! உசுரு போகுதுங்க!"

டாக்டர் கையை இழுத்துக்கொண்டார். "வேண்டாங்க. எங்கிட்ட அளவு இருக்குது. வத்துன சதை அவ்வளவு லேசுல திரும்பாது."

தன் பொய்யைத் தன் நாடாவாலேயே அளக்க அவருக்குத் தைரியம் இல்லை.

வெள்ளியங்கிரி நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

"அப்பச் சொல்லுங்க. இவன் காலு பொய்யா... உங்க எழுத்துப் பொய்யா?"

டாக்டர் மனசுக்குள் கணக்குப் போட்டார்.

எழுத்து நிஜம் என்றால் சின்னானுக்குத் தூக்கு. பொய் என்றால் மருதாசலம் நடுத்தெருவில்!

"எதுக்குங்க இவ்வளவு ரோசனை?" வெள்ளியங்கிரி குரலைத் தணித்தார். "நெசம்னு ஒரு வார்த்த. கேஸு முடிஞ்சுது. செத்தது உங்க பங்காளி. நீங்களும் மதராசுல போயி மால போட்டுக்கலாம். இந்தக் கூலிக்காரன் உங்களுக்கு என்ன மாமனா, மச்சானா?"

டாக்டர் சின்னானைப் பார்த்தார். கிழிந்த உதட்டிலிருந்து ரத்தம் மார்பில் சொட்டியது. தை மாதம் இதே கண்கள்தான் அவரைக் கெஞ்சின. அன்று பேனா பொய் எழுதியது. இன்றும் எழுதினால் ஒரு உயிர் போய்விடும்.

சே! நானும் ஒரு மனுஷனா?

"என் எழுத்துத்தான் பொய்!"

அவர் போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற கான்ஸ்டபிள் எட்டிப் பார்த்தான்.

"அவன் ஓடலை! ஓடவும் முடியாது! பேருக்கு ஆசைப்பட்டுப் பொய் எழுதினேன். போதுமா?"

"வாயில சொன்னாப் போதாதுங்க. எழுதுங்க!"

எழுதினார். கையெழுத்தும் போட்டார்.

வெள்ளியங்கிரி காகிதத்தை ஊதிக் காயவைத்தார்.

"இதுல ஒரு நகலு மதராசுக்குப் போகும். மாநாட்டுல சத்தமாப் படிப்பாங்க. கேக்கத்தான் நீங்க இருக்க மாட்டீங்க!"

"அவன உட்டுருங்க."

"உட்டாச்சு. பண்ணாடிக்குப் பகையாளிக்கா பஞ்சம்? வேற காலத் தேடறேன். டேய், எந்திரிச்சுப் போடா!"

* * *

மத்தியானம் மூன்று மணி.

டிஸ்பென்சரியில் டாக்டர் தந்தியைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டார். பேர் போயிற்று. மானம் போயிற்று. ஆனாலும் மனசில் ஒரு நிம்மதி. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார் அல்லவா!

கதவு தட்டப்பட்டது.

சின்னான் ஊன்றுகோலோடு நொண்டிக்கொண்டு வந்தான். பின்னால் பொன்னாயி.

"நன்றியெல்லாம் எதுக்கு? ஊட்டுக்குப் போயி ஒடம்பப் பாருடா," என்றார் டாக்டர் பெருந்தன்மையாக.

"நன்றி சொல்ல வரலீங்க சாமி."

பொன்னாயி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

சின்னான் காலை மேஜை மேல் தூக்கி வைத்தான். கட்டைச் சரசரவென்று அவிழ்த்தான். பச்சிலையைத் துண்டால் துடைத்தான்.

டாக்டரின் கண்கள் பிதுங்கின.

உருண்டு திரண்ட கெண்டைச்சதை! அவருடைய கை தானாக நாடாவை எடுத்தது. சுற்றியது.

பதின்மூன்றே கால் அங்குலம்!

சின்னான் தரையில் இறங்கினான். வலது காலை மட்டும் ஊன்றி, விரல் நுனியில் எழுந்தான். இறங்கினான். எழுந்தான். பத்துத் தடவை! மூச்சு கூட வாங்கவில்லை.

"டேய்... அப்படீன்னா காலையில..."

"நாந்தானுங்க."

டாக்டர் மறுபடி அந்தக் காலைப் பார்த்தார். "எப்படிடா? அசையாம படுன்னுதான சொன்னேன்?"

"படுத்துக் கெடந்தாக் கஞ்சி நீங்க ஊத்துவீங்களா?" பொன்னாயி சீறினாள். "ஊருக்குப் போன பத்தாம் நாளே எருதுக் கவுத்தக் கையில குடுத்துட்டேன். எங்கப்பன் கெணத்துல மூணு மாசம் கவலை எறச்சாருங்க!"

கவலை ஏற்றம்! சரிவில் எருதுகளை ஓட்டிக்கொண்டு இறங்கினால் கிணற்றிலிருந்து தோல்சாலில் தண்ணீர் மேலே வரும். பிறகு எருதுகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, மனிதனும் பின்பக்கமாகவே நடந்து மேடேற வேண்டும். விரலை முதலில் ஊன்றி, குதிகாலை மெல்ல மெல்லத் தாழ்த்தி... நாள் முழுக்க!

டாக்டரின் மூளையில் பளீரென்றது. ஓய்வுதான் சதையைக் கொன்றிருக்கிறது. பாரம்தான் நரம்பை வளர்த்திருக்கிறது! மதராஸ் என்ன, லண்டனிலேயே இது எவனுக்கும் தெரியாதே!

அடுத்த நொடியே பிணத்தின் ஞாபகம் வந்தது.

"கொலைகாரப் பாவி! இதோ இப்பவே போறேன் ஸ்டேசனுக்கு!"

"போங்க சாமி." சின்னான் அசையவில்லை. "வெட்டுன காயத்தக் கொழு குத்துச்சுன்னு எழுதுனீங்க. நடக்காதவன ஓடறான்னு எழுதுனீங்க. ஓடறவன ஓடமாட்டான்னு இன்னைக்கு எழுதுனீங்க. நாலாவதா ஒண்ணு கொண்டுக்கிட்டுப் போனா, இன்ஸ்பெக்டரு படிப்பாருங்களா... சிரிப்பாருங்களா? இல்ல, கொலைகாரனக் காப்பாத்துனீங்கன்னு உங்களையும் உள்ள வெப்பாருங்களா?"

வாசலுக்குக் கிளம்பிய டாக்டர் மேஜைப் பக்கம் திரும்பி வந்தார்.

"ஒரு உசுர எடுத்துட்டியேடா..."

"தை மாசமே வெட்டுன்னு நெசத்த எழுதியிருந்தா, பண்ணாடி ஜெயில்ல உசுரோட இருந்திருப்பாருங்க! நீதி கேட்டுத்தான் மொதல்ல உங்ககிட்ட வந்தேன். நீங்க காலத்தான் அளந்தீங்க."

செருப்பால் அடித்தது போலிருந்தது. அவர் பொத்தென்று உட்கார்ந்தார்.

"நாலு மணி மோட்டாருக்குப் போறமுங்க. எங்கீன்னு கேக்காதீங்க," என்றாள் பொன்னாயி, தாழ்ப்பாளை நீக்கியபடி.

இருவரும் வாசலைத் தாண்டினார்கள். தெரு மூலையை எட்டிவிட்டார்கள்.

டாக்டர் துள்ளி எழுந்து வாசலுக்கு ஓடினார். போலீஸைக் கூப்பிடத்தான் ஓடுகிறார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அவர் கையில் நோட்டு இருந்தது. பென்சிலும் இருந்தது!

"டேய் சின்னான்! நில்லுடா! ஒரு நாளைக்கு எத்தன சால் எறச்சே? அத மட்டும் சொல்லிட்டுப் போடா!"

சின்னான் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"எண்ணலீங்க சாமி! வேணுமின்னா உங்க குதிநரம்ப ஒருக்கா அறுத்துக்கிட்டு, நீங்களே எறச்சு எண்ணிக்குங்க!"